கேமர்கேட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால்

2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் தொடங்கி வீடியோ கேம் உலகத்தையே இரண்டாகக் கிழித்த கேமர்கேட் சண்டையைப் பற்றித் தமிழில் விரிவாக ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று வெகு நாளாக ஆசை. இந்த வருடம்தான் அதற்கு உட்கார முடிந்தது. கேம் பற்றி எழுதுகிறவன்தானே, தகவல்களை வரிசையாக அடுக்கினால் கட்டுரை தயார் என்று நண்பர்கள் சொன்னார்கள். அப்படி நடக்கவில்லை. தகவலுக்குப் பஞ்சமே இல்லை, மலையாகக் குவிந்து கிடக்கிறது, ஆனால் அதைக் குவித்து வைத்தவர்கள் பெரும்பாலும் ஒரே தரப்பினர். அடி வாங்கிய தரப்பு தன் பதிவுகளைத் தானே அழித்துவிட்டுப் போய்விட்டது. இதுதான் என்னைப் படுத்துகிறது. கட்டுரை வரும்போது வரட்டும், முதலில் இதைப் பேசிவிடலாம்.

கேமர்கேட் என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ஸோயி க்வின் என்ற கேம் உருவாக்குநர் இன்னும் இருவரோடு சேர்ந்து 2013 பிப்ரவரியில் 'டிப்ரஷன் குவெஸ்ட்' என்ற இலவச கேமை வெளியிட்டார். சுடுவது, ஓடுவது எதுவும் இல்லை, முழுக்க எழுத்துதான். மனச்சோர்வில் இருக்கும் ஒருவராக நாம் விளையாட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்யலாம் என்று சில வழிகள் திரையில் வரும், அதில் நன்றாக இருக்கும் ஒரு மனிதர் யோசிக்காமல் எடுக்கக்கூடிய முடிவின் மேல் கோடு கிழித்திருக்கும். அதைப் படிக்கலாம், க்ளிக் செய்ய முடியாது. நிலைமை மோசமாக ஆக, கோடு விழுந்த வரிகளும் கூடிக்கொண்டே போகும். எனக்கு மிகவும் பிடித்த கேம். 'இதெல்லாம் ஒரு கேமா, இதற்கு எதற்கு இத்தனை பாராட்டு' என்று எரிச்சல்பட்டவர்கள் அப்போதே இருந்தார்கள், க்வினுக்கு வசவும் அப்போதே வர ஆரம்பித்துவிட்டது.

2014 ஆகஸ்ட் 11 அன்று அந்த கேம், கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில் வந்தது. ஆகஸ்ட் 16 அன்று க்வினின் முன்னாள் காதலர் மிக நீண்ட பதிவு ஒன்றை இணையத்தில் போட்டார். உறவு எப்படி முறிந்தது, க்வின் யார் யாரோடு பழகினார் என்றெல்லாம், இருவருக்கும் நடுவில் நடந்த அரட்டையின் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு. அதில் வந்த ஒருவர் கொட்டாக்கு என்ற கேம் செய்தித் தளத்தின் செய்தியாளர். அவ்வளவு போதுமாக இருந்தது, நல்ல விமர்சனம் வாங்குவதற்காகத்தான் இந்த உறவு என்று ஒரு கதை கிளம்பியது. கொட்டாக்கு ஆசிரியர் ஸ்டீபன் டொட்டிலோ ஆகஸ்ட் 20 அன்றே விளக்கம் கொடுத்தார்: அந்தச் செய்தியாளர் க்வினின் கேமுக்கு விமர்சனம் எழுதவே இல்லை, கொட்டாக்கில் க்வின் பெயர் வரும்படி அவர் எழுதியது ஒரே ஒரு கட்டுரை, அதுவும் பாதியில் நின்றுபோன ஒரு ரியாலிட்டி ஷோ பற்றியது, வெளியான தேதி மார்ச் 31, உறவு தொடங்கியது ஏப்ரலில். அதற்கு முன் ஜனவரியில் வேறொரு தளத்தில், ஸ்டீம் அனுமதித்த 50 கேம்களைப் பற்றி எழுதியபோது டிப்ரஷன் குவெஸ்ட்டை அவர் கொஞ்சம் தூக்கலாகக் குறிப்பிட்டிருந்தார். இல்லாத ஒரு விமர்சனத்தின் மேல்தான் மற்ற எல்லாம் கட்டப்பட்டது. மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் ஆரம்பத்துக்கும் நடுவில் உள்ள அந்தச் சில நாள் இடைவெளியைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் வாதாடுகிறார்கள்.

ஆகஸ்ட் 27 அன்று நடிகர் ஆடம் பால்ட்வின் #கேமர்கேட் என்ற ஹேஷ்டேகைப் போட்டார், பெயர் நிலைத்துவிட்டது. பத்திரிகை நெறிமுறைக்காகத்தான் இது என்று சொல்லி அதன் கீழ் திரண்டவர்களைத்தான் இங்கே கேமர்கேட் ஆட்கள் என்கிறேன். அதே நாட்களில், கேம்களில் பெண்களைக் காட்டும் விதத்தை விமர்சித்து வீடியோ போட்டுவந்த அனிட்டா சர்கீசியன் கொலை மிரட்டல் காரணமாக வீட்டை விட்டு வெளியேறினார். அக்டோபரில் கேம் உருவாக்குநர் பிரியானா வூவின் முகவரியைப் பொதுவில் போட்டு மிரட்ட, அவரும் வீட்டை விட்டுக் கிளம்பினார். அக்டோபர் 15 அன்று யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சர்கீசியன் பேச இருந்தார், அவர் பேசினால் துப்பாக்கிச் சூடு நடக்கும் என்று முந்தைய நாள் மெயில் வந்தது. 1989ல் மாண்ட்ரியாலில் பெண் மாணவிகளைச் சுட்டுக் கொன்றவனின் பெயரைச் சொல்லி வந்த மெயில். அரங்குக்குள் யாரும் துப்பாக்கி கொண்டுவராமல் தடுக்க முடியுமா என்று சர்கீசியன் கேட்டார். உரிமம் உள்ளவர்கள் மறைத்து எடுத்து வருவதை அந்த மாநிலச் சட்டப்படி தடுக்க முடியாது என்று பதில் வந்தது. அவர் பேச்சை ரத்து செய்தார்.

சரி, இதை எங்கிருந்து எழுதத் தொடங்குவது? முதல் சிக்கலே இதுதான். ஆகஸ்ட் 16ல் தொடங்கினால் மொத்தக் கதையும் ஒருவரின் காதல் வாழ்க்கையைப் பற்றியது ஆகிவிடுகிறது. அந்தப் பதிவைப் போட்டவர் எப்படிப் படிக்க வேண்டும் என்று விரும்பினாரோ அப்படியே நாமும் படிக்க வைத்துவிடுகிறோம். 2007ல் தொடங்கலாம். அந்த வருடம் நவம்பரில் கேம்ஸ்பாட் தளத்திலிருந்து ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்ற மூத்த விமர்சகர் வேலையை விட்டு அனுப்பப்பட்டார். 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற கேமுக்கு அவர் பத்துக்கு ஆறு போட்டிருந்தார், தளம் முழுக்க அதே கேமின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. 2012ல்தான் அவரால் நடந்ததை வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது. இங்கிருந்து தொடங்கினால் கேமர்கேட் என்பது ஊழலுக்கு எதிராக வாசகர்கள் கிளர்ந்து எழுந்த கதை போலத் தெரியும். மூன்றாவதாக 2012 இருக்கிறது. கேம்களில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஒரு வீடியோ தொடர் எடுக்க சர்கீசியன் பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 6,000 டாலர் கேட்டார். வசவு மழை பொழிந்தது, அவர் முகத்தில் க்ளிக் செய்து குத்துவதற்கென்றே ஒருவர் ஒரு கேம் செய்து போட்டார், அந்த வெறுப்பைப் பார்த்தவர்கள் பணத்தை அள்ளிக் கொடுத்து 1,58,922 டாலர் சேர்ந்தது. ஹேஷ்டேக் பிறப்பதற்கு இரண்டு வருடம் முந்தைய கதை இது. அதே முறைகள்.

நான் 2012ல் தொடங்குகிறேன். 2014ல் நடந்தது எதுவும் திடீரென்று முளைக்கவில்லை என்பதை அந்தத் தொடக்கம்தான் காட்டுகிறது. கெர்ஸ்ட்மன் கதை பின்னால் வரும். அது உண்மையான கதை, அதை விட்டுவிட்டு எழுதுவது நேர்மை ஆகாது.

இப்போது அந்தச் சேமிப்பு விவகாரத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி நான் முன்பு ஒரு சின்னப் பதிவு போட்டிருந்தேன். ஒருவர் மெயில் அனுப்பினார். மிரட்டல் எல்லாம் இல்லை, மிகவும் மரியாதையாக, 'நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் படித்திருக்கிறீர்கள் சார், இதையும் பாருங்கள்' என்று ஆரம்பித்து லிங்க் லிங்க்காக, தேதி வாரியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கத்தோடு. ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். திறந்தவை எல்லாம் வேலை செய்தன. 2014ல் ஒரு பெண் பத்திரிகையாளர் போட்டுப் பத்து நிமிடத்தில் அழித்த ட்வீட் கூட அப்படியே படமாக இருந்தது. மறுநாள் அதே காலத்தைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து அதன் அடிக்குறிப்பு லிங்க்குகளை அழுத்தினால், பக்கம் இல்லை, கணக்கு இல்லை, தளமே இல்லை.

இது தற்செயலாக நடந்தது இல்லை. கேமர்கேட் ஆட்களிடம் ஆரம்பத்திலிருந்தே ஒரு பழக்கம் இருந்தது: எந்தக் கட்டுரையைப் பகிர்ந்தாலும் நேரடி லிங்க் கொடுக்காமல், இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் ஆர்க்கைவ் தளத்தில் நகல் எடுத்து அந்த லிங்க்கைத்தான் கொடுப்பார்கள். எதிரித் தளத்துக்கு நம் க்ளிக் போகக் கூடாது, விளம்பரக் காசு போகக் கூடாது என்பது ஒரு காரணம். பின்னால் திருத்தினாலோ நீக்கினாலோ ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ரெடிட்டில் அவர்கள் கூடிய கொட்டாக்கு இன் ஆக்‌ஷன் குழுவில் இது எழுதப்பட்ட வழக்கமாகவே ஆனது. கேம் பத்திரிகையாளர்கள் ஒவ்வொருவர் பேரிலும் குற்றச்சாட்டுகளைத் தொகுத்து வைக்க டீப்ஃப்ரீஸ் என்று ஒரு தளமே நடத்தினார்கள். ஆவணப்படுத்தல் என்ற வகையில் பார்த்தால் அசுர உழைப்பு.

மறுபக்கம் என்ன ஆனது? அப்போது இந்த மிரட்டல்களையும் வசவுகளையும் தொகுத்தவர்கள் பலர் ஸ்டோரிஃபை என்ற தளத்தைப் பயன்படுத்தினார்கள். ட்வீட்டுகளை வரிசையாகக் கோத்து நடுவில் விளக்கம் எழுதிக்கொள்ள வசதியான தளம். 2018 மே மாதம் அதை மூடிவிட்டார்கள். பழைய ட்வீட்டுகளைத் தேட டாப்ஸி என்ற தேடுபொறி இருந்தது, அது 2015 டிசம்பரிலேயே போய்விட்டது. இதெல்லாம் கம்பெனிகள் மூடியதால் போனவை. பாதிக்கப்பட்டவர்களே அழித்தவை தனி. ராத்திரி பகலாக வசவு வரும்போது ஒருவர் முதலில் செய்வது கணக்கைப் பூட்டுவது, பழைய ட்வீட்டுகளை மொத்தமாக அழிப்பது, ஊர், வீடு, குடும்பம் பற்றி எங்கே என்ன எழுதியிருக்கிறோம் என்று தேடித் தேடி நீக்குவது. இப்படிச் செய்யச் சொல்லித்தான் பாதுகாப்பு ஆலோசனை கொடுப்பவர்களும் சொல்கிறார்கள், நானும் அதைத்தான் சொல்வேன். விளைவு, பத்து வருடம் கழித்துத் தேடி வருகிறவனுக்கு அடித்தவர்களின் ஞாபகம் அட்டவணை போட்டு, தேதி குறித்து, சுத்தமாகக் கிடைக்கிறது. அடி வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அடித்தவர்கள் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட் வழியாகத்தான் கிடைக்கிறது, அவர்கள் தேர்ந்தெடுத்த வரி, அவர்கள் போட்ட சிவப்பு வட்டத்தோடு.

அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது பொய் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் உண்மையான ட்வீட்டுகள்தான். ஆனால் ஒரு பெண் கோபத்தில் கத்துகிற ட்வீட் அங்கே இருக்கும், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் அவருக்கு வந்த நூறு பதில்கள் இருக்காது. எதற்குப் பதிலாக இது எழுதப்பட்டது என்பது தெரியாமல் அந்த ட்வீட்டை மேற்கோள் காட்டினால் நான் பொய் சொல்லாமலே பொய்யான கட்டுரை எழுதியவன் ஆவேன். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: தாக்கப்பட்டவர்களின் தனி ட்வீட்டுகளை, முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று பார்க்க முடியாவிட்டால், கட்டுரையில் எடுப்பதில்லை. இதனால் கட்டுரை கொஞ்சம் மெலிந்து போகிறது, போகட்டும்.

தலைகீழாக ஒரு இடத்தில் நடந்தது. பெயர் சொல்லாமல் எழுதும் மன்றமான 4சான் 2014 செப்டம்பரில் இந்தப் பேச்சைத் தன் தளத்தில் தடை செய்தது, கூட்டம் அதே மாதிரியான 8சானுக்குப் போனது. 2019 ஆகஸ்டில் டெக்சாஸின் எல் பாசோவில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 8சான் இணையத்திலிருந்து விழுந்தது, விழ வேண்டியதுதான். ஆனால் யாரைக் குறிவைப்பது, எந்த விளம்பரதாரருக்கு மெயில் போடுவது என்று திட்டமிட்ட இடம் அது. அங்கே ஆர்க்கைவ் எடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு அத்தனை அக்கறை இருந்திருக்காது. சிதறலாகக் கொஞ்சம் கிடைக்கிறது, தொடர்ச்சி இல்லை.

முழுசாகக் கிடைத்தால் மட்டும் தீர்ந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. 2014 செப்டம்பர் ஆரம்பத்தில் க்வின் ஓர் ஐஆர்சி அரட்டை அறையின் பதிவுகளை வெளியிட்டார். தன் மேலான தாக்குதல் எப்படி ஒருங்கிணைக்கப்பட்டது பாருங்கள் என்று. உடனே மறு தரப்பு, 'வேண்டிய வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார்' என்று முழுப் பதிவையும் வெளியிட்டது. ஒரே கோப்புதான். அதைக் காட்டி இவர்கள் சதிக்கு ஆதாரம் என்கிறார்கள், அதையே காட்டி அவர்கள் சதி இல்லை என்பதற்கு ஆதாரம் என்கிறார்கள். படித்தால், ஒருவர் பத்திரிகை நெறிமுறை பற்றிப் பேசுகிறார், ஒருவர் க்வினின் அந்தரங்கப் படங்களைப் பற்றிப் பேசுகிறார், தற்கொலை என்ற பேச்சு வருகிறது, அப்போது இன்னொருவர் அது நடந்தால் நம் பேர் கெட்டுவிடும் என்கிறார். இந்தக் கடைசி வரியைத்தான் நான் மறுபடி மறுபடி யோசித்தேன். அதை அடக்கிப் பேசிய குரல் என்று சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அங்கே ஓர் உயிரைப் பற்றிப் பேச்சு வரும்போது எழுந்த கவலை பேர் கெடுவதைப் பற்றி என்றால், எனக்கு அது அடக்கமாகப் படவில்லை. இதைப் படித்த பிறகு நடுநிலை என்று இரண்டு தரப்புக்கும் ஆளுக்கு ஒரு பத்தி ஒதுக்குகிற எழுத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

எண்களாவது கைகொடுக்கும் என்று போனால் அங்கேயும் இழுபறி. 2014 அக்டோபரில் நியூஸ்வீக், பிராண்ட்வாட்ச் என்ற நிறுவனத்தை வைத்து ட்வீட்டுகளை எண்ணிப் பார்த்தது. செப்டம்பர் 1க்குப் பிறகு அந்த ஹேஷ்டேகோடு க்வினை நோக்கிப் போன ட்வீட்டுகள் 10,400. நெறி தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட அந்தச் செய்தியாளரை நோக்கிப் போனவை 732. பிரச்சினை பத்திரிகை நெறிமுறைதான் என்றால் பத்திரிகையாளரைவிட கேம் செய்தவருக்குப் பதினான்கு மடங்கு எதற்குப் போக வேண்டும்? எனக்கு இது பலமான கேள்வி. ஆனால் அதே கணக்கில் பெரும்பாலான ட்வீட்டுகளை அந்த மென்பொருள் 'நடுநிலை' என்றுதான் வகைப்படுத்தியது, அதனால் இது தொல்லையே இல்லை என்று மறு தரப்பு அதே கட்டுரையைக் காட்டுகிறது. முன்பின் தெரியாத ஆயிரம் பேர் 'ஒரு சின்னக் கேள்வி' என்று ஒரே வாரத்தில் ஒருவரிடம் வந்தால் ஒவ்வொரு ட்வீட்டும் நடுநிலையாகத்தான் இருக்கும், மென்பொருள் ஒவ்வொன்றாகத்தான் பார்க்கும், வாங்குகிறவருக்குத்தான் அது மொத்தமாக வந்து இறங்கும். ஆண்டி பாயோ என்பவர் 72 மணி நேரத்தில் வந்த 3,16,669 ட்வீட்டுகளை எடுத்து வரைபடமாகப் போட்டார், அதில் பாதிக்கு மேல் ரீட்வீட்டுகள்தான். இரண்டு கூட்டங்கள் தனித்தனியாகக் கத்திக்கொண்டிருந்தது அந்தப் படத்தில் நன்றாகத் தெரியும். யார் யாரை என்ன செய்தார் என்பது தெரியாது.

இன்னொன்றும் உண்டு. மிரட்டல்களை விசாரித்த எஃப்பிஐ 2017 ஜனவரியில் தன் கோப்பை வெளியிட்டது. யார் மீதும் வழக்கு வரவில்லை. அதனால் 'கேமர்கேட்காரர்கள் கொலை மிரட்டல் விட்டார்கள்' என்று ஒரு வாக்கியம் எழுதினால் யார் என்று கேட்பார்கள், பதில் சொல்ல முடியாது. 'கொலை மிரட்டல்கள் வந்தன' என்று எழுதினால் மழை வந்தது, வெயில் வந்தது என்பது போல ஆகிவிடுகிறது, செய்தவர் என்று ஒருவரும் இல்லாமல் போகிறார். அந்த ஹேஷ்டேகில் எழுதிய பல ஆயிரம் பேரில் மிகப் பெரும்பாலோர் யாரையும் மிரட்டாதவர்கள், அதை நான் நம்புகிறேன். கேமர்கேட்டை விமர்சித்தவர்களைப் பார்த்து 'எங்களைக் கேடயமாகப் பயன்படுத்தாதீர்கள்' என்ற பொருளில் #நாட்யுவர்ஷீல்ட் என்று இன்னொரு ஹேஷ்டேக் ஓடியது. அந்த யோசனை 4சானில் முளைத்தது, போலிக் கணக்குகளும் அதில் இருந்தன, ஆனால் உண்மையாகவே அப்படி நினைத்த பெண்களும் கறுப்பினத்தவர்களும் கூட இருந்தார்கள். அவர்களையும் போலி என்று ஒதுக்கினால் அது சௌகரியத்துக்காக எழுதியது ஆகும். அதே சமயம் மிரட்டாத பல்லாயிரம் பேர் கூடி நின்றதுதான் மிரட்டியவர்கள் மறைந்துகொள்ள இடம் கொடுத்தது, இதையும் எழுதியாக வேண்டும். கட்டுரையில் இந்தப் பத்தியைத்தான் நான் அதிகமாகத் திருத்தியிருக்கிறேன்.

அவதூறை எப்படித் திரும்பச் சொல்லாமல் இருப்பது என்பது அடுத்தது. பொய் என்று சொல்வதற்காகக் கூட அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே நானும் சொல்லியிருக்கிறேன், பாருங்கள். விட்னி பிலிப்ஸ் என்ற ஆய்வாளர் 2018ல் டேட்டா அண்ட் சொசைட்டி அமைப்புக்காக ஓர் அறிக்கை எழுதினார், இணைய வெறுப்பைப் பற்றிச் செய்தி போடுவதே அந்த வெறுப்புக்கு எப்படித் தீனி ஆகிறது என்று பல பத்திரிகையாளர்களிடம் பேசி எழுதியது. அதைப் படித்த பிறகு சில முடிவுகள் எடுத்தேன். முன்னாள் காதலரின் பதிவில் இருந்த உறவு விவரங்கள் எதுவும் கட்டுரையில் வராது, அவர் பெயரும் வராது. செய்தியாளரின் பெயரும் அப்படியே, குற்றச்சாட்டே தவறு என்னும்போது பெயருக்கு அங்கே வேலை இல்லை. க்வின், சர்கீசியன், வூ ஆகியோர் தங்கள் அனுபவத்தைத் தாங்களே பொதுவில் பேசியவர்கள், அவர்கள் பெயர் வரும். மிரட்டல் மெயில்களின் வாசகத்தை அப்படியே தமிழில் போட்டால் படிப்பவர்களுக்கு அதன் கொடூரம் புரியும் என்று ஒரு நண்பர் சொன்னார். யூட்டா மெயிலைப் பற்றி மேலே எழுதியிருக்கிற அளவே போதும் என்று நினைக்கிறேன்.

ஆராய்பவர்களே இலக்கானதும் நடந்தது. ஷைரா செஸ், ஆட்ரியன் ஷா என்ற இரண்டு பேராசிரியர்கள், கேம் ஆய்வாளர்கள் அமைப்பான டிக்ராவின் மாநாடு ஒன்றில் பன்முகத்தன்மை பற்றி ஒரு கலந்துரையாடல் நடத்தினார்கள். வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து குறிப்பெடுக்க ஒரு கூகுள் ஆவணத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். கல்விக்கூடத்தில் அன்றாடம் நடக்கிற விஷயம். கேமர்கேட் கூட்டத்தின் கண்ணில் அது பட்டது, கேம் துறையைப் பெண்ணியவாதிகள் கைப்பற்றத் தீட்டிய ரகசியத் திட்டம் என்று அதற்கு விளக்கம் எழுதி, டிக்ரா உறுப்பினர்களின் ஆய்வுகளை எல்லாம் தோண்ட ஆரம்பித்தார்கள். 2015ல் அந்த இருவரும் இதையே ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். நான் பார்த்தவற்றில் மிகப் பயனுள்ள கட்டுரை அது, ஏனென்றால் திறந்த மனதோடு எழுதிய அரைகுறைக் குறிப்பு ஒன்று வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எப்படிச் சதியாகத் தெரிகிறது என்பதைக் கோபப்படாமல் விளக்குகிறார்கள். கார்டியனில் க்வினுக்கு ஆதரவாக எழுதிய ஜென் ஃபிராங்க் 2014 செப்டம்பரில் கேம் எழுத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தார். இப்படி விலகியவர்கள் எழுதியிருக்கக்கூடியவை எந்த ஆர்க்கைவிலும் இல்லை.

அமெரிக்க ஸ்டூடியோக்களுக்குக் கேரக்டர் வரைந்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும், சில வருடப் பழக்கம். கேமர்கேட் சமயத்தில் கல்லூரியில் இருந்தவர், அந்த இணைய விவாதங்களை அப்போதே படித்தவர். கட்டுரைக்காகக் கொஞ்சம் பேசலாமா என்று கேட்டேன். பேசினார், நிறையவே பேசினார். முடிக்கும்போது, "அண்ணா, இதுல எதையும் நான் சொன்னதா போட்டுடாதீங்க. பேர் போடாட்டியும் எப்படியாவது கண்டுபிடிச்சிருவாங்க. ஆன்லைன்ல மேட்ச் ஆடுறப்பக் கூட மைக்கை ஆன் பண்ண மாட்டேன்" என்றார். பத்து வருடம் முன்பு, வேறொரு நாட்டில், வேறு யாருக்கோ நடந்ததுதான். ஆனாலும் இவருக்கு அந்தப் பயம் பழையதாகவில்லை. அவர் சொன்னதில் ஒரு வரியும் கட்டுரையில் இருக்காது. இங்கே இவ்வளவு எழுதியதும் அவரிடம் காட்டி, சரி என்ற பிறகுதான்.

விக்கிபீடியாவைப் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே நடந்தது தனிப் போர். 2015 ஜனவரியில் விக்கிபீடியாவின் நடுவர் குழுவே தலையிட்டு, இரண்டு பக்கத்துத் தொகுப்பாளர்கள் பலரையும் அந்தத் தலைப்பைத் தொடக் கூடாது என்று தடுத்தது. தீர்ப்பு முடிவாகும் முன்பே பெண்ணியத் தொகுப்பாளர்களைத் தடை செய்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் செய்தி வந்து, அது சரியில்லை என்று விக்கிபீடியாவை நடத்தும் விக்கிமீடியா மறுக்க வேண்டி வந்தது. அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கங்களைப் படிப்பதே ஒரு படிப்பு. நேரம் இருப்பவர்கள் பாருங்கள்.

இதற்கெல்லாம் நடுவில் எனக்கு உண்மையிலேயே ஆதங்கமாக இருப்பது, கேம் பத்திரிகை உலகில் நெறிமுறைப் பிரச்சினை நிஜமாகவே இருந்தது என்பதுதான். கெர்ஸ்ட்மன் கதையை மேலே சொன்னேன். 2014 செப்டம்பர் 30 அன்று, கேமர்கேட் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த அதே நாட்களில், 'ஷேடோ ஆஃப் மோர்டார்' கேம் வெளியானது. வார்னர் பிரதர்ஸ் யூட்யூபர்களுக்குப் பணம் கொடுத்து, கேமை நல்லவிதமாகச் சொல்ல வேண்டும், பிழைகளைக் காட்டக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருந்தது. பியூடிபையின் வீடியோ மட்டும் 37 லட்சத்துக்கு மேல் பார்க்கப்பட்டது. அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி இதை எடுத்து 2016 ஜூலையில் வார்னரோடு சமரசத்துக்கு வந்ததாக அறிவித்தது. கேமர்கேட் வட்டாரத்தில் இதைப் பேசினவர்கள் இருந்தார்கள், அந்தக் கூட்டத்துக்கு நெருக்கமாகக் கருதப்பட்ட யூட்யூபர் டோட்டல்பிஸ்கட் இதை வெளியே கொண்டுவந்தவர்களில் ஒருவர், அதைக் குறிப்பிடாமல் விட மாட்டேன். ஆனால் இலவசமாக எழுத்து கேம் ஒன்றைச் செய்த ஒருவர் மேல் இறங்கிய ஆவேசத்தில் பத்தில் ஒரு பங்கு அந்தப் பெரிய கம்பெனி மேல் இறங்கவில்லை. கேமர்கேட்டால் விளைந்த நல்லது என்று சிலர் சொல்வதும் உண்டு. கொட்டாக்கு தன் எழுத்தாளர்கள், கலைஞர்களுக்கு மாதாமாதம் ஆதரவுப் பணம் அனுப்பும் பேட்ரியான் தளம் வழியாகக் கேம் உருவாக்குநர்களுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தியது, பாலிகான் என்ற இன்னொரு கேம் தளம் அப்படிக் கொடுத்தால் வாசகர்களிடம் சொல்ல வேண்டும் என்றது. சரிதான், ஆனால் எழுதுகிறவர் ஒரு சின்னக் கலைஞருக்கு மாதம் ஐந்து டாலர் கொடுப்பதும், கோடிக்கணக்கான விளம்பரப் பணமும் ஒரே அளவு ஆபத்தா?

2024 ஆரம்பத்தில் மாண்ட்ரியாலைச் சேர்ந்த ஸ்வீட் பேபி என்ற கதை ஆலோசனை நிறுவனத்தைக் குறிவைத்து ஸ்டீமில் ஒரு குழு கிளம்பியது. அந்த நிறுவனம் வேலை செய்த கேம்களைப் பட்டியல் போட்டு 'வாங்காதீர்கள்' என்றது, சீக்கிரமே லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள், கேமர்கேட் இரண்டாம் பாகம் என்று எல்லோரும் எழுதினார்கள். இதை ஆராயப் போகிறவர்கள் நிலைமை என்னைவிட மோசம். 2014ல் எல்லாம் பொது வெளியில் நடந்தது, இப்போது திட்டமிடல் பெரும்பாலும் டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியின் மூடிய அறைகளுக்குள். உள்ளே போக வேண்டுமென்றால் ஒன்று ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும், சொன்னால் விட மாட்டார்கள், அல்லது வேறு பெயரில் போக வேண்டும், அது எனக்குச் சரியாகப் படவில்லை. பொதுவில் இருப்பதையும் எடுக்க முடியாதபடி 2023ல் ட்விட்டர் இலவசத் தரவு வசதியை நிறுத்தியது, அதே வருடம் ரெடிட்டின் பழைய பதிவுகளை ஆய்வாளர்கள் எடுக்கப் பயன்படுத்திய புஷ்ஷிஃப்டுக்கும் கதவு மூடப்பட்டது. தனி ஆட்கள் கையால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது மட்டும்தான் மிச்சம், அதை விடாமல் செய்பவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

என்னால் முடிந்தது, பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே பின்னாளில் நிதானமாகப் பேசியவற்றை, பேட்டிகள், மாநாட்டுப் பேச்சுகள், க்வின் 2017ல் எழுதிய புத்தகம் இவற்றை, முதல் ஆதாரமாக வைத்துக்கொண்டு அந்த லிங்க் மலையைத் தேதி சரிபார்க்க மட்டும் பயன்படுத்துவது. நினைவிலிருந்து பேசியவைதானே, அதில் பிழை இருக்காதா என்றால் இருக்கும். தேதி முரண்பட்டால் அடிக்குறிப்பில் சொல்லிவிடுவேன். இப்போது விளம்பரப் பணம் பற்றிய அத்தியாயத்தில் நிற்கிறேன், எஃப்டிசி வெளியிட்ட புகாரும் உத்தரவும் யாரும் அழிக்காமல் அப்படியே இருக்கின்றன, அவற்றைப் படித்து முடித்ததும் அந்தப் பகுதியை முதலில் இங்கே போடுகிறேன்.